அலையாத்தி மரம் (கடலோரச் சேத்துல வளர்றது) நடப் போயி ஊர்க்காரங்ககிட்ட பாடம் படிச்சவங்க இருக்கீங்களா?

சேத்துக்கால்:
நானே ஆரம்பிக்கிறேன். முத்துப்பேட்டை பக்கம், காலேஜ் முடிச்ச புதுசு, ஒரு டீமோட போயி ரெண்டு நாள் கண்டல் கன்னு (அலையாத்தில ஒரு வகை) நட்டோம், டிஷர்ட், பேனர், போட்டோ எல்லாம் உண்டு. நண்டு புடிச்சிட்டு கரையேறுன ஒரு ஆயா நின்னு பாத்துட்டு "தம்பி, செருப்ப கழட்டிட்டு கால வச்சுப் பாரு"ன்னுச்சு. வச்சேன். மதியம் ரெண்டு மணி, தண்ணி சுடுது, ஓரமெல்லாம் உப்பு பூத்துக் கெடக்கு. லீடர் "சரிங்கம்மா பாத்துக்கறோம்"னு சொல்லிட்டு அடுத்த குழிய காமிச்சாரு. மறு வருசம் போனா வரிசை வரிசையா வெறும் குச்சி. அந்த ஆயா பேர கூட நான் கேக்கல.

கிள்ளைக்காரன்:
அது பள்ளம் தம்பி. பிச்சாவரத்துலயும் இதே கததான். வெள்ளக்காரன் காலத்துலேந்து கூப்பு விட்டு, அதாவது காட்ட பகுதி பகுதியா பிரிச்சு, மொத்தமா வெட்டுனாங்கள்ல, வெயில்ல மண்ணு காஞ்சு உக்காந்து தட்டு மாதிரி ஆயிருச்சு, ஏறுன தண்ணி வத்தும்போது வெளிய போவாது, அங்கயே நின்னு உப்பாயிரும். காடு அழிஞ்ச பழி மட்டும் ஆடு மாடு மேல. 90கள்ல சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரங்கள சேத்துக்கிட்டு மீன்முள்ளு வாய்க்கா வெட்டுனாங்க, நடுவுல ஒண்ணு, ரெண்டு பக்கமும் சாய்வா கிளை. எங்கப்பா வெட்டப் போனாரு, நான் சோறு கொண்டு போனேன். வாய்க்கா வாய்ல இருந்த கடைசி மண்ண எடுத்துவிட்டதும் தண்ணி உள்ள பாயுது, கூடவே மடவ மீன் குஞ்சு துள்ளிக்கிட்டு வருது, மம்புட்டிய போட்டுட்டு எல்லாரும் துண்ட விரிச்சுட்டாங்க, மேஸ்திரி கத்துறாரு, யாரு கேக்குறா! கன்னு வச்சதெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

உப்புக்காத்து:
என்னுது சின்ன கத. சுனாமிக்கு அப்புறம் எங்க கடக்கரைல சவுக்கு நட்டாங்க, "ஆம ஏறுற எடத்துல ஏன்டா மரம்"னு பாட்டி கேட்டுச்சு, சில வருசம் கழிச்சு ஒரு பங்குனி ஆம மேல வந்து மரத்துல முட்டிட்டு முட்ட வைக்காமலே திரும்புனத பாத்தேன், அவ்ளோதான். ஆனா கிள்ளை அண்ணன் சொல்றத முழுசா ஏத்துக்க முடியல, வாய்க்கா வெட்டுனா முடிஞ்சுதா, வண்டல் அடைக்கும், தூர் வாரணும், ப்ராஜெக்ட் பணம் தீந்ததும் யாரு வாருவா? நடப் போறவங்களுக்கு சொல்றேன், ஒரு அமாவாசைக்கும் ஒரு அட்டமிக்கும் போயி தண்ணி எதுவரைக்கும் ஏறுதுன்னு குச்சி ஊனி பாருங்க, பக்கத்துல தானா மொளச்ச கண்டல் இருந்தா நடவே வேணாம் தண்ணிக்கு வழி விட்டா போதும், மணல்மேட்டுல அடப்பங்கொடி, ராவணன் மீச புல்லு இருந்தா புடுங்கிட்டு மரம் வைக்காதீங்க மணல புடிச்சு வச்சிருக்கதே அதுதான், அப்புறம் தயவுசெஞ்சு மதியத்துல மீட்டிங் போடாதீங்க, ராத்திரி வலைக்கு போனவன் தூங்குற நேரம் அது, அவன் வரலன்னா "மக்களுக்கு ஆர்வம் இல்ல"ன்னு எழுதிருவீங்க.

கிள்ளைக்காரன்:
தூர் வார வேணாம்னு நான் எங்கய்யா சொன்னேன்? படிச்சிட்டு பேசுங்க.

ஆட்டுக்காரி:
எங்கூரு காடு கமிட்டில நானும் மெம்பர். சாருங்க சேர்ல, நாங்க பாய்ல. கன்னு வச்ச எடத்துல ஆடு விடக் கூடாதுன்னு தீர்மானம் படிச்சாங்க. "நாலு ஆடுதான் சார், வேற எங்க ஓட்டுறது, நீங்களே ஒரு எடம் காட்டுங்க"ன்னேன். எழுதிக்கிட்டு இருந்தவரு பேனாவ மூடிட்டாரு. நான் பேசுனது ஒரு வரி கூட நோட்டுல ஏறல. கடைசில நோட்ட நீட்டுனாரு, கையெழுத்து போட்டேன்.

சேத்துக்கால்:
அக்கா இப்ப ஆடு எங்க மேயுது?

ஆட்டுக்காரி:
ரெண்ட வித்துட்டேன் தம்பி. மிச்சம் ரெண்டும் அங்கயேதான், ஃபாரஸ்ட் கார்டு வர்றதுக்கு முன்னாடி விடியக்காத்தால.