நன்னீர் இறால் தீனி, புரதமும் சக்தியும் சரியா வருதில்ல, உதவி பண்ணுங்கோ
வணக்கம் எல்லாருக்கும். நான் கொழும்புப் பக்கம் சின்ன டேங்க் ரெண்டில நன்னீர் இறால், ரோசன்பெர்கி இனம், வளர்க்கிறன். மீன்தூள் விலை தாங்கேலாம சோயா, தேங்காய்ப் புண்ணாக்கு, அரிசித்தவிடு கலந்து நானே தீனி செய்யிறன், புரதம் 35% கிட்ட கணக்குப் பண்ணித்தான் போட்டன் ஆனா வளர்ச்சி காணாது, தண்ணியில அமோனியாவும் ஏறுது. சக்தி குறைஞ்சா இறால் புரதத்தையே எரிச்சுப்போடும், கூடினா வேளைக்கே வயிறு நிரம்பிப் புரதம் காணாமப் போகும் எண்டு விளங்குது. இறால் மாச்சத்தை நல்லாப் பாவிக்குமாம், அப்ப எண்ணெயைக் கூட்டாம மரவள்ளி மாவைக் கூட்டிப் புரதத்தை 30க்கு இறக்கலாமா? மாவு தீனி கரையாமப் பிடிச்சு வைக்கவும் உதவும், இதுகள் ஆறுதலாக் கொறிக்கிற சீவன்கள்தானே. செய்து பாத்த அண்ணாமார் அக்காமார் உங்கட கலவை அளவைச் சொல்லுங்கோ, குஞ்சுகள் மெலிஞ்சு கிடக்கிறதப் பாக்க மனசு கேக்குதில்ல.