பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம்: எல்.ஐ.சி.க்குக் கைமாறிய பத்திரம் எங்கே?

பத்திரப்பித்தன்:
சென்னை அண்ணா சாலை பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம் யார் யார் கைக்கு மாறியது என்று வரிசைப்படுத்துகிறேன். 1897-ல் மருந்து வியாபாரி டபிள்யூ.இ. ஸ்மித் கட்டியது, அப்போது கார்டில் பில்டிங். 1934-ல் பாரத் இன்ஷூரன்ஸ் வாங்கியது. இன்று எல்.ஐ.சி. வசம். பாரத்திடமிருந்து எல்.ஐ.சி. வாங்கிய கிரயப் பத்திரம் எந்த வருஷம்? வில்லங்கத்தில் வருமா?

நான்கெல்லை:
வராது. கிரயமே நடக்கவில்லை, சட்டத்தாலேயே மாறிய சொத்து அது. 1956 ஜனவரி 19 அவசரச் சட்டம் ஆயுள் காப்பீட்டு கம்பெனிகளின் நிர்வாகத்தைத்தான் எடுத்துக்கொண்டது. சொத்துரிமை எல்.ஐ.சி.க்குப் போனது செப்டம்பர் 1-ல். இந்த இரண்டு தேதியையும் குழப்பாத கட்டுரை அபூர்வம்.

வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களின் பட்டியல் மட்டுமே. பத்திரமில்லாமல் மாறியது அதில் ஏறாது. 1956-க்கு உங்களுக்கு வேண்டிய ஆவணம் எல்.ஐ.சி. சட்டம்தான்.

அதே சாலையிலுள்ள எல்.ஐ.சி. மாடிக் கட்டடமும் இப்படித்தான். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தன் யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு கம்பெனிக்காக 1953-ல் தொடங்கினார், 1954 விமான விபத்தில் இறந்துபோனார். 1959-ல் திறந்தபோது சொந்தக்காரர் எல்.ஐ.சி.

பழையபதிவு:
1934 கிரயம் பதிவாகியிருக்கும். முதலில் அந்தக் காலத்தில் இடம் எந்தச் சார்பதிவகத்தில் இருந்தது என்று கேளுங்கள், எல்லைகள் மாறியிருக்கலாம். ஆன்லைனை நம்ப வேண்டாம். மனுப் போட்டுக் கையால்தான் தேட வேண்டும். இன்டெக்ஸ் 1 பெயர்வாரி, இன்டெக்ஸ் 2 சொத்துவாரி. பெயரில் தொடங்குங்கள், 'தி பாரத்' (The Bharat) என்று 'தி'யிலும் ஒருமுறை பாருங்கள். ஆவண எண் கிடைத்தால், அசையாச் சொத்துப் பத்திரங்களைப் பதியும் 1-ம் புத்தகத்திலிருந்து சான்றிட்ட நகல் வாங்கலாம். பதிவுச் சட்டம் 57-ம் பிரிவுப்படி கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம்.

இன்றைய சர்வே எண்ணோடு போனால் பெரும்பாலும் கோட்டை விடுவீர்கள். 'அண்ணா சாலை' என்றும் தேடாதீர்கள், அன்று அது மவுண்ட் ரோடு. கதவு எண்ணும் மாறியிருக்கும். பத்திரம் கைக்கு வந்ததும் அதிலுள்ள நான்கெல்லையை, அதாவது நாலு பக்கமும் எது எது என்ற விவரத்தை, இடத்தோடு ஒப்பிடுங்கள். முந்தைய உரிமை வந்த வழியும் அதிலேயே எழுதியிருக்கும்.

பத்திரப்பித்தன்:
2006-ல் இடிக்கப் போனபோது, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு போட்ட வழக்கில் இந்த விவரம் கிடைக்குமா?

நான்கெல்லை:
அது இடிப்பைத் தடுக்கப் போட்ட வழக்கு, உரிமை வழக்கில்லை. 1934-க்கு அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.