சீகை பூக்கும் காலத்துத் தும்மலுக்குக் கைவைத்தியம் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கோத்தகிரி பக்கம். சீகை மரம் மஞ்சளாய்ப் பூக்கத் தொடங்கினால் போதும், என் எட்டு வயது மகளுக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும். காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், கண் அரிப்பு, தண்ணீராய் ஒழுகும் மூக்கு. உள்ளங்கையால் மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து மூக்கின் குறுக்கே ஒரு கோடே விழுந்துவிட்டது. காய்ச்சல் இல்லை. ஒவ்வாமைதான் என்றார் டாக்டர். மாத்திரை கேட்கிறது, ஆனால் பிள்ளை வகுப்பில் தூங்கி வழிகிறாள். பார்க்கவே பாவமாக இருக்கிறது.

கொதித்து ஆறிய நீரில் உப்புக் கலந்து மூக்கைக் கழுவினால் மகரந்தம் வெளியேறும் என்கிறார்கள். எனக்கும் அது சரியாகப் படுகிறது. இந்த வயதுப் பிள்ளைக்கு யாராவது பழக்கியிருக்கிறீர்களா? பயப்படாமல் எப்படிச் செய்ய வைத்தீர்கள்?

தூதுவளை ரசம், மஞ்சள் மிளகுப் பால் எல்லாம் கொடுக்கிறேன். தொண்டைக்கு இதம், தும்மல் மட்டும் குறையவில்லை. அப்புறம், மலைத்தேன் சாப்பிட்டால் சரியாகும் என்கிறார்களே, யாருக்காவது உண்மையில் கேட்டிருக்கிறதா? நீலகிரித் தைலத்தை உள்ளுக்குக் கொடுக்க மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள், பிள்ளைகளுக்கு அது விஷம். இளைப்பு வந்தால் நேரே ஆஸ்பத்திரிதான். மற்றபடி உங்கள் வீட்டில் செய்து பலன் கண்டதைச் சொல்லுங்கள், அளவோடு சொன்னால் பெரிய உதவி.