அத்தையை மார்பகப் பரிசோதனைக்கு எப்படிக் கிளப்புவது?

மன்னார்குடி மருமகள்:
எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயது தாண்டிய பெண்களுக்குச் சர்க்கரை, பிபி பார்க்கும்போதே மார்பகத்தையும் பார்த்துவிடுகிறார்கள், காசு கிடையாது. என் மாமியாருக்கு 56 வயது. அவருடைய சொந்த அக்காவையே நோய் முற்றிய பிறகுதான் தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அப்படியும் "குத்துக்கல்லாட்டம் இருக்கேன், இல்லாத வியாதிய நீயே வெத்தலை பாக்கு வச்சு அழைப்பியா" என்கிறார். நடவு நேரத்தில் கூலி போகும் என்பார், நடவு முடிந்தால் வேறு சாக்கு. என்னதான் பேசுவது?

ஓய்வுபெற்ற நர்ஸ்:
கேன்சர் டெஸ்ட் என்று கூப்பிட்டால் ஒருத்தரும் வர மாட்டார்கள்ம்மா. பாதிப் பேருக்கு நோயைவிட "ஆம்பிளை டாக்டர் பார்ப்பாரோ" என்பதுதான் பயம், அதை வாய்விட்டுக் கேட்காமல் பழியை நடவு மேல் போடுவார்கள். பெண் டாக்டரோ நர்ஸோ இருக்கும் நாளை விசாரித்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் கட்டி பெரும்பாலும் வலிக்காது, ஆனால் கையில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயும் இல்லை, இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். கூடப்பிறந்தவருக்கு வந்திருப்பதால் கையால் தடவிப் பார்ப்பதோடு விடாமல் மேமோகிராம் (மார்பகத்துக்கு எடுக்கும் எக்ஸ்ரே) பற்றியும் கேளுங்கள். உங்களுக்கும் 30 ஆகிவிட்டது என்றால் நீங்கள் போங்கள், அவரைத் துணைக்குக் கூப்பிடுங்கள்.

கும்பகோணத்துக்காரி:
அம்மாவை மேமோகிராமுக்கு அழைத்துப் போனேன். இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து ஒவ்வொரு பக்கமும் இரண்டு முறை அழுத்துவார்கள், சில விநாடிதான். "வடை தட்டுற மாதிரி தட்டிட்டாடி" என்று வழியெல்லாம் சிரித்தார். அன்றைக்குப் பவுடர் போட வேண்டாம், படத்தில் புள்ளியாகத் தெரியலாம் (அம்மா பவுடர் இல்லாமல் வாசல்படி தாண்டியதே அன்றைக்குத்தான்). நைட்டி வேண்டாம், புடவையும் ரவிக்கையும்தான் வசதி. நாங்கள் போன இடத்தில் உடை மாற்றும் அறைக்குத் திரைகூட இல்லை, எரிச்சலாக வந்தது, ஒரு துண்டு கையோடு இருக்கட்டும்.

வெண்ணாற்றங்கரை:
மாமனாரிடம் பேசினீர்களா சகோதரி? எங்கள் வீட்டில் கடைசியில் பிரச்சினை கறவை மாடு. நான் கறக்கிறேன் என்று அப்பா சொன்ன மறுநாளே அம்மா கிளம்பிவிட்டார். மாடு அப்பாவை உதைத்தது தனிக்கதை.

மன்னார்குடி மருமகள்:
எனக்கு 34 ஆகிறது, நர்ஸம்மா சொன்னது உறைத்தது. "தனியாப் போகப் பயமா இருக்கு அத்தை, துணைக்கு வாங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் காலண்டரைப் பார்த்துவிட்டு, "வியாழன் அஷ்டமி. வெள்ளிக்கிழமை போவோம்" என்றார்.