அக்கா மகனை ஹோமில் சேர்க்கலாமா? எதைப் பார்த்துச் சேர்ப்பது?

திண்டுக்கல் தம்பி:
அக்கா மகனுக்கு 10 வயது. ஆட்டிசம், கூடவே அறிவுசார் குறைபாடு என்று சான்றிதழில் போட்டிருக்கிறார்கள். பேச்சு வராது, பசித்தால் நம் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போவான். ஃபிட்ஸுக்குக் காலையும் ராத்திரியும் சிரப் உண்டு. மாமா இல்லை, அக்காவுக்கு வேடசந்தூர் பக்கம் நூல் மில்லில் ஷிப்ட் வேலை. இதுவரை அம்மாதான் பார்த்துக்கொண்டார்கள், இடுப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் அவர்கள் எழுந்து நடப்பதே பெரும்பாடு. மில்லில் ஒருவர் சொல்லி ஒரு டிரஸ்ட் நடத்தும் ஹோமைப் போய்ப் பார்த்தோம். எல்லாம் இலவசம், ஆனால் ஒரு பேப்பரில் கையெழுத்துக் கேட்கிறார்கள், முதல் மூன்று மாதம் பார்க்க வரக் கூடாது, வந்தால் பையன் ஏங்கிப்போவான் என்கிறார்கள். ஹாலில் உட்கார வைத்து டீ கொடுத்து நன்றாகத்தான் பேசினார்கள், உள்ளே மட்டும் கூட்டிப் போகவில்லை. அக்கா அரை மனதாக இருக்கிறாள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஸ்பெஷல் டீச்சர்:
தம்பி, அந்தப் பேப்பரில் அக்கா கையெழுத்துப் போட வேண்டாம். மூன்று மாதம் வராதே என்று சொல்லும் இடம் எனக்குச் சரியாகப் படவில்லை. பேசத் தெரியாத பிள்ளை, அடித்தாலும் வந்து சொல்லப்போவதில்லை, அவன் உடம்பைப் பார்த்துத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்கு அடிக்கடி போக வேண்டும்.

முதலில் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். டிரஸ்ட் பதிவு வேறு, ஹோம் பதிவு வேறு. நிறையப் பேர் டிரஸ்ட் பத்திரத்தைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ன்படி ஹோமுக்குத் தனிப் பதிவு வேண்டும், குழந்தைகளைத் தங்கவைப்பதால் இளைஞர் நீதிச் சட்டம் 2015ன் கீழும் பதிவு வேண்டும். கலெக்டர் ஆபீஸில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் ஹோம் பேரைச் சொன்னால் லிஸ்டில் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

அப்புறம் ராத்திரி. பகலில் எல்லா ஹோமும் பளிச்சென்று இருக்கும். ராத்திரி எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆள், அந்த ஆள் முழித்திருப்பாரா, ஃபிட்ஸ் வந்தால் யார் தூக்கிக்கொண்டு ஓடுவார், வண்டி இருக்கிறதா என்று கேளுங்கள். மருந்து கொடுக்கும் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். வேளாவேளைக்கு டிக் போட்டு, கொடுத்தவர் கையெழுத்து இருக்க வேண்டும். மாதம் முழுக்க ஒரே பேனாவில் ஒரே மூச்சில் போட்ட டிக் என்றால் பார்த்தாலே தெரியும். ஃபிட்ஸ் மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து, அதனால் இதில் தயவு தாட்சண்யமே வேண்டாம்.

ஊர்வம்பன்:
பெற்றவளே பார்க்காவிட்டால் கூலிக்கு வரும் ஆயாவா பார்ப்பாள்? இலவசம் என்றதும் கொண்டுபோய்த் தள்ளிவிடுவதா?

இரண்டு பிள்ளை அம்மா:
ஊர்வம்பன், நைட் ஷிப்ட் நாளில் நீங்கள் வந்து பார்த்துக்கொள்கிறீர்களா? இல்லையென்றால் சும்மா இருங்கள்.

தம்பி, என் பெரியவனும் இப்படித்தான், இப்போது 19. ஹோம் தவறு என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அதற்கு முன்னால் பகல் பள்ளியைப் பாருங்கள், வேன் வைத்துக் கூட்டிப்போகும் ஸ்பெஷல் ஸ்கூல்கள் இருக்கின்றன. அக்கா மில்லில் கேட்டு பகல் ஷிப்ட் மட்டும் வாங்க முடிந்தால் பாதிப் பிரச்சினை முடிந்தது. பராமரிப்பு உதவித்தொகை வருகிறதா? முன்பு மாதம் 1500 ரூபாயாக இருந்ததை 2000 ஆக்கினார்கள். நிராமயா என்று இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான மத்திய அரசு மருத்துவ இன்சூரன்ஸ் இருக்கிறது, அதையும் போடுங்கள், வருஷத்துக்கு 1 லட்சம் வரை, தெரபி செலவும் அதில் வரும். தமிழ்நாடு அரசு மாற்றுத்திறனாளிகளுக்கு ‘விழுதுகள்’ என்று சேவை மையங்கள் திறந்துவருகிறது, உங்கள் பக்கம் வந்துவிட்டதா என்று அதே ஆபீஸில் கேளுங்கள்.

இன்னொன்று, 18 முடிந்ததும் பெற்ற அம்மாவாகவே இருந்தாலும் சட்டப்படி கார்டியன் ஆகிவிட முடியாது, கலெக்டர் தலைமையிலான குழுவிடம் மனுப் போட்டு வாங்க வேண்டும். எனக்கு பேங்கில் போய் நின்றபோதுதான் இது தெரிந்தது.

ஞாயிறு வாலண்டியர்:
நான் ஒரு ஹோமுக்கு லீவு நாளில் போய் வருகிறவன். உள்ளே விட்டால் முதலில் துணிக்கொடியைப் பாருங்கள். நல்ல இடத்தில் ஒவ்வொரு சட்டைக் காலரிலும் பிள்ளையின் பேர் நூலால் தைத்திருக்கும், துண்டு மாட்டும் ஆணிக்கு மேலே அவனவன் போட்டோ ஒட்டியிருக்கும், படிக்கத் தெரியாவிட்டாலும் தன்னுடையதை எடுத்துக்கொள்வான். மோசமான இடத்தில் குவியலிலிருந்து கைக்கு வந்ததை மாட்டிவிடுவார்கள்.

அப்புறம் பிறந்தநாள் சாப்பாடு. பணம் கொடுக்கும் டோனர் தன் பிறந்தநாளுக்கு வருவார், கேக் வெட்டுவார், பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து பிரியாணி பரிமாறி போட்டோ எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை என்றால் மூன்று வேளையும் மூன்று டோனர், திங்கட்கிழமை பாதிப் பேருக்கு வயிறு சரியில்லை. சத்தம் ஆகாத ஆட்டிசம் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு மூலையில் நிற்கும், அதையும் பிடித்து இழுத்துவந்து போட்டோவில் நிறுத்துவார்கள். இதை அனுமதிக்கும் ஹோமா, அல்லது பணமாகக் கொடுங்கள், எங்கள் சமையலே போதும் என்று சொல்லும் ஹோமா என்று பாருங்கள். அப்படிச் சொல்லும் ஹோம்களும் உண்டு.

எல்லாரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. தென்காசி பக்கம் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம் 1981லிருந்து நடக்கிறது, ஆரம்பித்த ராமகிருஷ்ணனே கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அவர்கள் ஹோமோடு நிற்காமல் கிராமம் கிராமமாகப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குத் தெரபியும் கொடுக்கிறார்கள்.

திண்டுக்கல் தம்பி:
எல்லாருக்கும் நன்றி. போன் பண்ணி உள்ளே சுற்றிப் பார்க்க வேண்டும் என்றேன், ஐயா ஊரில் இல்லை என்றார்கள். அக்காவிடம் டீச்சர் சொன்னதை அப்படியே வாசித்துக் காட்டினேன், கையெழுத்துப் போடமாட்டேன் என்றுவிட்டாள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் போகிறோம், வேன் வரும் ஸ்கூலையும் விசாரிக்கிறோம். ஒரே சந்தேகம், போன தடவை போனபோதே அந்த ஹோமில் சான்றிதழையும் யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாளக் கார்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், அதற்கு என்ன செய்வது?

ஸ்பெஷல் டீச்சர்:
ஒரிஜினலா கொடுத்தீர்கள்? நாளைக்கே நேரில் போய் வாங்கிவிடுங்கள், தனியாகப் போகாமல் இன்னொரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். தர இழுத்தடித்தால் திங்கட்கிழமை அதே அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். இனிமேல் எந்த ஹோம் கேட்டாலும் ஜெராக்ஸ்தான்.