பிளஷிங் பக்கம் ஸ்லைஸ் பீட்சா சாப்பிடுபவர்கள் யாராவது சொல்லுங்களேன்

வணக்கம். நியூயார்க், குவீன்ஸில் பிளஷிங் பக்கம் போன மாதம்தான் குடிவந்தோம். தெருமுனையில் ஸ்லைஸ் கணக்கில் பீட்சா விற்கும் சின்னக் கடை ஒன்று. இணையத்தில் அதைப் பற்றிப் படித்தால் தலை சுற்றுகிறது. ஒருவர் அடிப்பக்கம் மொறுமொறு என்று கொண்டாடுகிறார், அடுத்தவர் அட்டை என்கிறார்.

நான் இரண்டு தடவை போனேன். மாலை ஏழு மணிக்கு அருமை. மடித்துப் பிடித்தால் நுனி தொங்கவே இல்லை. மதியம் மூன்று மணிக்குப் போனால், கண்ணாடிக்குள் எப்போதிலிருந்தோ கிடந்த துண்டை அடுப்பில் சும்மா காட்டிவிட்டுக் கொடுத்தார்கள். நடுவில் சீஸ் ஆறியே இருந்தது. ஸ்லைஸ் கடையில் மறுபடி சூடாக்கித்தான் தருவார்கள், அதில் குறையில்லை. நன்றாகச் செய்தால் அந்த இரண்டாவது சூட்டில்தான் மொறுமொறுப்பே வரும். "இன்னும் கொஞ்சம் சூடாக" என்று கேட்டால் முகம் சுளிப்பார்களா?

முக்கியமான விஷயம் இன்னொன்று. அடுத்த வாரம் மதுரையிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். சுத்த சைவம். அசல் பெக்கோரினோ ரோமானோ சீஸில் பாலைத் திரிய வைக்க, ஆட்டுக்குட்டி இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற பொருளைச் சேர்ப்பார்கள். பல கடைகளில் இதைத்தான் மேலே தூவுகிறார்கள். இந்தக் கடையில் கேட்டால் தெரியாது என்று தோளைக் குலுக்குகிறார்கள். சீஸ் விவரத்தைத் தெளிவாகச் சொல்லும் ஸ்லைஸ் கடை பக்கத்தில் இருக்கிறதா?

கிடைக்காவிட்டால் இங்கே பவுன் (Bowne) தெருவில் இருக்கும் பிள்ளையார் கோயில் கேன்டீன் தோசைதான். ஆனால் அப்பா பீட்சா என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்.