தி அன்லைக்லி மர்டரர்: தீர்ப்பே வராத வழக்கில் கொலையாளியைக் காட்டலாமா?

சிவப்பு மை

நெட்பிளிக்ஸில் 2021 நவம்பர் 5ஆம் தேதி வந்த ஸ்வீடன் தொடர் 'தி அன்லைக்லி மர்டரர்'. ஐந்தே பகுதி, இரண்டு ராத்திரியில் முடித்துவிட்டேன். பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1986 பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமை இரவு. ஸ்வீடன் பிரதமர் ஒலோஃப் பால்மே, பாதுகாவலர் யாரும் இல்லாமல், மனைவி லிஸ்பெத்துடன் சினிமா பார்த்துவிட்டு ஸ்டாக்ஹோம் தெருவில் நடந்து போகிறார். 11.21 மணிக்கு, முதுகுப் பக்கமாக வந்த ஒருவன் அவரைச் சுட்டுக் கொல்கிறான். இன்னொரு தோட்டா லிஸ்பெத்தை உரசிக்கொண்டு போகிறது. சுட்டவன் பக்கத்துச் சந்துக்குள் ஓடி, படிக்கட்டில் ஏறி மறைந்துவிடுகிறான். 34 வருட விசாரணைக்குப் பிறகு, 2020 ஜூன் 10 அன்று அரசு வழக்கறிஞர் ஸ்டிக் எங்ஸ்ட்ரோம் என்பவரைச் சந்தேக நபராகச் சொல்லி வழக்கை மூடினார். எங்ஸ்ட்ரோம் 2000இலேயே இறந்துவிட்டதால் வழக்குத் தொடர வழியில்லை.

தொடர் முழுக்க இந்த எங்ஸ்ட்ரோமின் கதைதான். சம்பவ இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்த ஸ்காண்டியா இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கிராஃபிக் டிசைனர். தொப்பி, கண்ணாடி, மணிக்கட்டில் மாட்டும் சின்னக் கைப்பை. தெருவில் எதிரே வந்தால் இரண்டாவது தடவை திரும்பிப் பார்க்க மாட்டோம். சுட்டது அவர்தான் என்று முதல் காட்சியிலேயே காட்டிவிடுகிறார்கள். அதற்கப்புறம் அவரே சாட்சியாகப் போய் போலீசிடமும் பத்திரிகையிடமும் வலிய வலியப் பேசுகிறார். போலீசோ இந்த ஆளைச் சீந்துவதே இல்லை. ராபர்ட் குஸ்டாஃப்சன் ஸ்வீடனில் பேர்பெற்ற காமெடி நடிகர். அவரை இந்த வேடத்தில் போட்டது பெரிய கெட்டிக்காரத்தனம். சிரிப்பும் வருகிறது, வயிற்றைப் பிசையவும் செய்கிறது. இந்த வருடம் நான் பார்த்ததில் இதுதான் முதல் இடம்.

நடுநிசிப் பார்வையாளர்

மூன்றாம் பகுதியோடு நிறுத்திவிட்டேன். யார் செய்தது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அப்புறம் எதற்கு உட்கார்ந்து பார்ப்பது? பழுப்புச் சுவர், பழுப்பு சோபா, பழுப்பு கோட்டு, எல்லார் கையிலும் சிகரெட். எண்பதுகளை அருமையாகக் கொண்டுவந்திருக்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கால அலங்காரத்துக்காக மட்டும் ஐந்து பகுதியும் பார்க்க முடியாது.

மதுரை வக்கீல்

போரடித்தது என்பது சின்னப் புகார். என் புகார் பெரியது. எங்ஸ்ட்ரோம் மீது குற்றப்பத்திரிகை கிடையாது, விசாரணை கிடையாது, தீர்ப்பு கிடையாது. 2020இல் வழக்கை மூடியபோதும் துப்பாக்கி கிடைக்கவில்லை, தடயவியல் சான்றும் இல்லை. அப்படியிருக்க, நிஜப் பேரையும் நிஜ முகத் தோற்றத்தையும் வைத்து அவர் விசையை அழுத்துவதைக் காட்டுகிறார்கள். பகுதி முடிவில், இது நிரூபிக்கப்படவில்லை என்று எழுத்து ஓடுகிறதாம். ஊரைக் கூட்டி ஒருவனைத் திருடன் என்று சொல்லிவிட்டு, கலைந்து போகும்போது காதோடு 'உறுதியாகத் தெரியாது' என்று சொல்வது போல இருக்கிறது.

இறந்தவருக்கு மானம் இல்லை என்று நினைக்க வேண்டாம். 2024 வரை இருந்த நம் இந்தியத் தண்டனைச் சட்டம் 499ஆம் பிரிவின் முதல் விளக்கமே, இறந்தவர் மேல் பழி சுமத்தி அது அவருடைய குடும்பத்தார் மனதைப் புண்படுத்தும் நோக்கத்தில் இருந்தால் அவதூறாகலாம் என்றது. ஸ்வீடன் சட்டத்திலும் இதே போன்ற ஏற்பாடு உண்டு. அவருடைய முன்னாள் மனைவி, இந்தக் காரியத்தை அவர் செய்திருக்கவே முடியாது என்று பத்திரிகையிடம் மறுத்திருக்கிறார். அவரையும் தொடரில் ஒரு பாத்திரமாக்கி, கணவன்மேல் சந்தேகம் வரும்படி எழுதியிருக்கிறார்கள்.

சிவப்பு மை

வக்கீல் சார், பேரைச் சொன்னது நெட்பிளிக்ஸ் இல்லையே. அரசு வழக்கறிஞர் உலகமே பார்க்கிற பத்திரிகையாளர் சந்திப்பில் சொன்னார். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 2018இல், தாமஸ் பெட்டர்சன் என்ற பத்திரிகையாளர் புத்தகம் போட்டுச் சொன்னார். தொடர் அந்தப் புத்தகத்தை வைத்து எடுத்ததுதான். (தொடர் பார்க்கிறவர்கள் கவனிக்க: புத்தகம் எழுதியவர் தாமஸ் பெட்டர்சன், வழக்கை மூடிய அரசு வழக்கறிஞர் கிறிஸ்டர் பீட்டர்சன், இதே கொலைக்காக முன்பு தண்டனை பெற்று விடுதலையானவர் கிறிஸ்டர் பெட்டர்சன். எனக்குத் தலை சுற்றியது.)

நடுநிசியாரே, யார் செய்தது என்பது இதில் புதிரே இல்லை. இவ்வளவு பக்கத்தில், தானே வந்து நின்ற ஆளை ஒரு நாட்டுப் போலீஸ் எப்படி விட்டது என்பதுதான் புதிர். அதைச் சொல்ல, அவர்தான் என்று முதலிலேயே ஒரு தீர்மானத்துக்கு வந்தாக வேண்டும்.

பனிக்கால வாசி

ஸ்டாக்ஹோமில் இருக்கிறேன், அந்த முனை வழியாக அடிக்கடி போகிறேன். ஸ்வேயாவேகன் பெரிய சாலை. அதைக் குறுக்கே வெட்டும் தெருவின் ஒரு பக்கத்துக்கு இப்போது பால்மே பேர். கொலையாளி ஓடிய மறுபக்கம் இன்னும் துன்னல்காத்தான்தான், அந்தப் படிக்கட்டும் அப்படியே இருக்கிறது. அவர் விழுந்த இடத்தில் நடைபாதையில் ஒரு உலோகப் பட்டை பதித்திருக்கிறார்கள், குனிந்து பார்க்காவிட்டால் தெரியாது. கல்லறையும் அதே சாலையில், நடந்து போகிற தூரத்தில் உள்ள அடால்ஃப் பிரெட்ரிக் தேவாலயத்தில்தான்.

இங்கே அலுவலகத்தில் தொடரைப் பற்றிப் பேசினால் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கோபம்தான் அதிகம், அதுவும் எங்ஸ்ட்ரோமுக்காக இல்லை. இத்தனை வருடம் காத்திருந்ததற்குக் கிடைத்தது இவ்வளவுதானா என்ற கோபம். 130 பேருக்கு மேல் 'நான்தான் சுட்டேன்' என்று ஒப்புக்கொண்ட வழக்கு இது. 5 கோடி குரோனா பரிசு அறிவித்தும் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் வழக்கு நீதிமன்றத்துக்கே போகாமல் முடிந்தது.

பழைய பேப்பர்

யாரும் போஃபர்ஸ் பக்கமே போகவில்லையே! பால்மே இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, 1986 மார்ச்சில் அந்த ஸ்வீடன் கம்பெனிக்கும் இந்தியாவுக்கும் பீரங்கி ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. அந்த வியாபாரத்துக்காக ராஜீவ் காந்தியிடம் பேசியவரே பால்மேதான். 1987 ஏப்ரலில் லஞ்ச விவகாரத்தை ஸ்வீடன் வானொலி உடைத்தது, அடுத்த வருடம் நம்ம சென்னை இந்து நாளிதழ் ஆவணங்களை வரிசையாகப் போட்டது. இவ்வளவு இருக்க, ஓவர்டைம் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பின டிசைனர் சுட்டார் என்றால் யார் நம்புவது?

பனிக்கால வாசி

பழைய பேப்பர் அண்ணே, போஃபர்ஸ் கோணம் இங்கேயும் பேசப்பட்டதுதான். தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு, குர்து அமைப்பான பி.கே.கே., போலீசுக்குள்ளேயே இருந்த பால்மே வெறுப்பாளர்கள், இப்படி வரிசை நீளம். எதற்குமே சான்று தேறவில்லை. தவிர, அன்றைக்கு சினிமாவுக்குப் போவது என்று பால்மே குடும்பம் முடிவு செய்ததே கடைசி நேரத்தில். சதி செய்கிறவனுக்கு அது எப்படித் தெரியும் என்பது எல்லாச் சதிக் கோணத்துக்கும் இடிக்கிற இடம்.

மதுரை வக்கீல்

அதே கேள்வி எங்ஸ்ட்ரோமுக்கும் இடிக்கிறதே! பால்மே அந்த வழியே வருவார் என்று அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்? தற்செயலாகப் பார்த்தார் என்றால், வெள்ளிக்கிழமை ராத்திரி அலுவலகத்திலிருந்து கிளம்புகிற ஆள் மேக்னம் தோட்டா போடுகிற ஒரு பெரிய ரிவால்வரைக் கையோடு வைத்திருந்தார் என்றாகிறது. அவர் அலுவலகத்தில் வெளியேறும் நேரத்தைப் பதிந்தது சுடுவதற்கு ஒன்றிரண்டு நிமிடம் முன்னால். அந்தக் கடிகாரம் சரியாக ஓடியதா என்பதிலேயே இன்னும் சண்டை. அந்த இடைவெளிக்குள் வாசலுக்கு வந்து, பிரதமரை அடையாளம் கண்டு, சுட முடிவு செய்து, சுட்டும் முடிக்க வேண்டும். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் இதை உரி உரி என்று உரித்திருப்பார். தொடரில் அதற்கு ஆளே கிடையாது.

சிவப்பு மை

அப்படியானால் அவர் சொன்ன பொய்களுக்கு என்ன பதில்? பால்மேயைப் புரட்டிப் படுக்கவைக்க உதவினேன், போலீசோடு பேசினேன் என்றெல்லாம் சொன்னார். அங்கே இருந்த மற்ற சாட்சிகள் யாரும் அவர் உதவியதாகச் சொல்லவில்லை. ஓடினவனைப் பற்றிச் சாட்சிகள் சொன்ன சில அடையாளங்கள் இவருக்குப் பொருந்தின. உடனே இவர், 'போலீஸ் பின்னால் நான் ஓடியதைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொல்கிறார்கள்' என்று முந்திக்கொள்கிறார். குற்றமற்றவன் எதற்காக இப்படி முன்கூட்டியே வேலி போட வேண்டும்?

அடுக்களை ஜன்னல்

இந்த இடத்தில் ஒன்று சொல்கிறேன். முதல் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போது என் மாமியார் பாதியில் வந்து உட்கார்ந்தார். சுடும் காட்சியை அவர் பார்க்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாவம், இந்த மனுஷன் என்னமோ சொல்ல வர்றாரு, ஒருத்தரும் காது குடுக்க மாட்டேங்குறாங்களே" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் திருட்டு முழி என்று நினைத்த ஒவ்வொரு முழியும் அவருக்கு ஏக்கமாகத் தெரிந்திருக்கிறது.

யோசித்துப் பார்த்தால், தன்னை யாரும் மதிக்கவில்லை என்று புழுங்குகிற ஒருவர், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பெரிய சம்பவத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தால், கூடக் குறைய அளப்பது இயல்புதானே? எங்கள் தெருவில் ஒரு விபத்து நடந்தால்கூட 'நான்தான் தண்ணி குடுத்தேன்' என்று நாலு பேர் சொல்வார்கள். அந்தப் பொய்களையெல்லாம் குற்றமாக்குவது முதல் காட்சிதான். அதை எடுத்துவிட்டால் மிச்சத் தொடர் முழுக்க வேறு ஆளின் கதையாகவும் ஓடும்.

சிவப்பு மை

இது நல்ல கேள்வி மேடம், மறுக்கவில்லை. ஆனால் குஸ்டாஃப்சன் நடிப்பு அந்த இரண்டுக்கும் இடம் விட்டுத்தான் நிற்கிறது என்பேன். கொலைகாரனாக மட்டும் நடித்திருந்தால் உங்கள் மாமியாருக்குப் பரிதாபம் வந்திருக்காது. ஈவா மெலாண்டர் நடித்திருக்கும் மனைவி பாத்திரமும் அப்படித்தான். வாயைத் திறந்து ஒன்றும் குற்றம் சாட்டாமல் கணவனைப் பார்க்கிறாரே, அந்தப் பார்வையில் பயமா சலிப்பா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

மதுரை வக்கீல்

நடிப்பில் எனக்குச் சண்டை இல்லை. நடிப்பு நன்றாக இருப்பதால்தான் ஆபத்து. இந்த வழக்கில் ஏற்கெனவே ஒரு தடவை ஆளைப் பிடித்து ஊரே தீர்ப்பு எழுதியது. கிறிஸ்டர் பெட்டர்சன், போதைப் பழக்கம் உள்ளவர், முன்பே ஒரு கொலை வழக்கில் தண்டனை பெற்றவர். லிஸ்பெத் அவரை அடையாளம் காட்டினார். 1989இல் கீழ் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. சில மாதத்திலேயே மேல் நீதிமன்றம் சான்று போதாது என்று விடுவித்தது. கணவனைப் பறிகொடுத்து, அந்த இடத்திலேயே நின்ற மனைவியின் அடையாளமே போதவில்லை என்று சொன்ன நாடு அது. எங்ஸ்ட்ரோமை அப்படி நேராக அடையாளம் காட்டிய சாட்சி ஒருவர்கூட இல்லை.

நடுநிசிப் பார்வையாளர்

வக்கீல் எழுதுவது தொடரைவிடச் சுவாரசியமாக இருக்கிறது. இந்த நீதிமன்றப் பகுதியைத் தொடராக எடுத்திருக்கலாம்.

பனிக்கால வாசி

போலீஸ் எப்படிக் கோட்டைவிட்டது என்பதுதான் கதை என்றார் சிவப்பு மை. அதைக் காட்ட எங்ஸ்ட்ரோம் சுட வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கட்சி. நடந்ததே போதும். கொலை நடந்த இடத்தில் கயிறு கட்டி அடைத்த வட்டம் ரொம்பச் சின்னது. விடிவதற்குள் ஜனங்கள் பூ வைக்க வந்துவிட்டார்கள். இரண்டு தோட்டாவையும் கண்டெடுத்தது போலீஸ் இல்லை, வழியோடு போனவர்கள். விசாரணையைக் கையில் எடுத்த ஹான்ஸ் ஹோல்மேர் ஸ்டாக்ஹோம் போலீஸ் தலைவர்தான், கொலை வழக்குகளைத் துப்புத் துலக்கிப் பழகினவர் இல்லை. மாதக்கணக்கில் பி.கே.கே. பின்னாலேயே போய், ஒன்றும் தேறாமல் 1987இல் விலகினார். அதோடும் தீரவில்லை. அதே கோணத்தைத் தொடர ஒரு புத்தக வெளியீட்டாளர் தனியாக, ரகசியமாக விசாரணை நடத்தினார். அதற்குத் துணைபோனது வெளியே வந்து 1988இல் நீதி அமைச்சரே ராஜினாமா செய்தார். இதையெல்லாம் கற்பனையாக எழுதினால் நம்ப மாட்டோம்.

சிவப்பு மை

இதில் ஹோல்மேர் பகுதி தொடரில் வருகிறதே. ஆனால் வெறும் போலீஸ் சொதப்பலை ஐந்து பகுதியும் காட்டினால் அது ஆவணப்படம், நாடகம் ஆகாது. நாடகத்துக்கு நடுவில் ஒரு மனிதன் வேண்டும்.

வக்கீல் சார், நேராகவே கேட்கிறேன். பேரை மாற்றியிருந்தால் ஒத்துக்கொள்வீர்களா? ஸ்வீடனில் குழந்தைக்குக்கூட யார் என்று தெரிந்துவிடும். அது இன்னும் பெரிய போலித்தனம் இல்லையா?

மதுரை வக்கீல்

பேரை மாற்றச் சொல்லவில்லை. சுடுகிறவன் முகத்தைக் காட்டாமல் விட்டிருந்தால் போதும். இருட்டில் கோட்டுப் போட்ட ஒரு முதுகு, அவ்வளவுதான். அரசு வழக்கறிஞருக்கே அதற்குமேல் தெரியாது. மிச்சத்தையெல்லாம் எடுத்தபடியே எடுக்கட்டும். பார்க்கிறவர் கொலைகாரன் என்று நினைத்தால் நினைக்கட்டும், அடுக்களை ஜன்னல் மாமியார் மாதிரி பாவம் என்று நினைத்தால் நினைக்கட்டும்.

பழைய பேப்பர்

அப்போதும் போஃபர்ஸ் வராதே!

நடுநிசிப் பார்வையாளர்

என் தம்பிக்கு இந்த வழக்கைப் பற்றி ஒன்றுமே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவனை உட்காரவைத்து, முதல் காட்சியைத் தாண்டிவிட்டுப் போடப்போகிறேன். பாதியில் விட்ட இரண்டு பகுதியையும் அவனோடு நானும் பார்த்துவிடுகிறேன். யார் சுட்டது என்று அவன் என்ன சொல்கிறான் பார்ப்போம்.

மதுரை வக்கீல்

தொடரின் தலைப்பையும் அவன் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பகுதி முடிவில் ஓடுகிற எழுத்தையும் நிறுத்திவிடுங்கள், பேர் அதிலேயே இருக்கிறது.